டேப் ஒட்டாத பெட்டிகள்

“என்ன சார் இது, அட்டைப்பெட்டிக்குப் போய்க் கிளிப் மாட்டியிருக்கீங்க?”

வேன் டிரைவர் பெட்டியின் மூடியைக் கவ்வியிருந்த பிளாஸ்டிக் கிளிப்பைத் தட்டிப் பார்த்தார்.

“டேப்புக்குப் பதிலாண்ணே. ஒரு அழுத்து அழுத்தினா மூடிக்கும், இழுத்தா வந்துடும். எத்தனை தடவை வேணும்னாலும் மாட்டலாம்,” என்றான் கணவன், தானே கண்டுபிடித்தவன் போல.

“வழியில வாயைப் பிளந்துக்காதுல்ல?”

“குலுக்கிப் பாருங்க.”

டிரைவர் குலுக்கினார். உள்ளே பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன, கிளிப் அசையவில்லை.

“பலே! ஆனா ஒரு தடவை வீடு மாத்துறதுக்கு இவ்வளவு ஏற்பாடா? சரி, மேடம் முன்னாடி ஏறியாச்சு. நீங்களும் ஏறுங்க.”

“நான் வரலைண்ணே. அவ மட்டும்தான் அவங்கம்மா வீட்டுக்குப் போறா. என்கூட இனிமே குப்பை கொட்ட முடியாதாம்.”

டிரைவர் விழித்தார். “அதுக்கு நீங்களே கிளிப் மாட்டிக் குடுக்கறீங்களா?”

“போன தடவை கோபிச்சுக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தப்போ, டேப்பைப் பிரிக்கிறேன்னு நகத்தை உடைச்சுக்கிட்டா. பாவம், ரொம்ப வலிச்சுது.”

வேனின் முன்கதவு திறந்தது. மனைவி இறங்கி வந்தாள்.

“அண்ணே, பெட்டியையெல்லாம் திரும்ப வீட்டுக்குள்ள வச்சுடுங்க. அந்தக் கிளிப் அத்தனையையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. இது கையில இருந்தா இந்த மனுஷன் அடுத்த சண்டைக்கும் தயாரா இருப்பார்!”