பீஜி பாடும் தாலாட்டு

"நாளையிலயிருந்து அட்சயாவை டோர்செட் பார்க் அன்ரி வீட்டை விடுவம். இனி மேல்வீட்டுக்கு அனுப்பமாட்டன்," என்றாள் நிரூபா.

கஜீவன் தேநீரைக் கீழே வைத்தான். "ஏனப்பா, பீஜி என்ன செய்தவ?"

மல்வேர்னில் அவர்கள் இருந்த பேஸ்மென்ட்டுக்கு மேலேதான், அட்சயா 'பீஜி' என்று பாட்டிமுறை சொல்லிக் கூப்பிடும் பல்பீர் கௌர் இருந்தார். ஒரு காலத்தில் பஞ்சாபின் ஊர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் நாட்டுப்பாடல் பாடிப் பெயர் வாங்கியவர். பன்னிரண்டு கசெட் வந்ததாம். எழுத வாசிக்கத் தெரியாது. யார் வீட்டு வாசலிலாவது நின்று கேட்ட பாட்டை, ஒரு சொல் பிசகாமல் அடுத்த மேடையில் பாடிவிடுவாராம். முழங்கால் போனபின் மகனோடு கடல்கடந்து இங்கே வந்துவிட்டார். நிரூபாவும் கஜீவனும் பின்னேர ஷிப்ட்டுக்குப் போனால், நாலு வயது அட்சயா அவரிடம் சாப்பிட்டு அவர் மடியிலேயே உறங்கிவிடுவாள்.

"வேலைக்குப் போகமுன்னம் பாட்டும் ஏச்சுமா இவளை ஒரு குட்டி நித்திரை கொள்ள வைக்கிறன். உவ படியிலை நிண்டு ஒட்டுக்கேக்கிறா. நான் திரும்பினா மறையிறா. என்ரை குரலைக் கேட்டுச் சிரிக்கிறாவாக்கும்."

"நீரும் ஒரு கசெட் விடுமன்."

அவள் சிரிக்கவில்லை. அன்று ஞாயிறு. மத்தியானம், ஒருநாளும் இல்லாத பொறுமையோடு பிள்ளையை மடியில் போட்டு, ஏச்சில்லாமல் ஆறுதலாகப் பாடியிருந்தாள். பிள்ளை அவள் வாயைப் பொத்தியது. "இப்பிடி இல்லை அம்மா. பீஜிதான் சரியாப் பாடுவா."

அதையும் நிரூபா கஜீவனிடம் சொன்னாள். "பெத்தவள் நான். பிள்ளைக்கு நித்திரை வர அவவின்ரை பாட்டு வேணுமாம்."

அன்ரி வீட்டுக்காரர் திங்கள் வேலை முடிந்துதான் பிள்ளையைக் கூட்டிப்போக முடியும் என்றார்கள். அதனால் திங்கட்கிழமையும் அட்சயா மேலேதான் போனாள். நிரூபா தலையிடி என்று சொல்லி ஏழரைக்கே வேலையிலிருந்து வந்து, உடுப்புப் பையும் கையுமாகப் படியேறினாள். பீஜிக்குச் சொல்லவேண்டிய நாலு வார்த்தையை பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்திருந்தாள்.

கதவு பாதி திறந்திருந்தது. மடியில் அட்சயா, கண் சொருகியபடி. சந்தைத்திடல் முழுக்கக் கேட்ட குரலை ஒரு பிள்ளையின் காதளவுக்குச் சுருக்கி, அர்த்தம் ஒன்றும் தெரியாமல், ஆனால் ஒரு சொல் பிசகாமல் பல்பீர் கௌர் ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்:

"நிலவுக்குப் பால் வைச்சன்... நீ குடிக்க வாவனம்மா... கண்ணை மூடடி குரங்கே... அம்மாக்கு பஸ் போயிடும்..."