மணலில் இறங்கிய லாரி

லாரி அச்சு மறைய மணலுக்குள் இறங்கிக் கிடந்தது. அதைக் கண்டதும் ஹாப்டேவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கெடச்சுதுடா! மெர்வ், தகடுங்களை இறக்கு!”

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். நியூசிலாந்துப் படையின் வண்டி மீட்புப் பிரிவில் ஹாப்டேவுக்கு இதுதான் கடைசி நாளாக இருக்கலாம். சமையல் கூடாரத்திலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வந்து சேர்ந்தவன். போன இடத்தில் எல்லாம் தன் வண்டியையும் சேர்த்துப் புதைத்ததுதான் மிச்சம்.

“பொழுது சாயறதுக்குள்ள ஒரே ஒரு வண்டியை மணல்லேருந்து எடுத்துக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு மறுபடி வெங்காயம் உரி” என்று காலையில் சார்ஜென்ட் சொல்லிவிட்டார்.

லிபிய வெயிலில் ஆளரவமே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கித்தான் மட்டும் பாதி மணல் மூடிக் கிடந்தது.

“ஓட்டிட்டு வந்தவங்க எங்கே, கார்ப்பரல்?” என்று ஹாப்டேவைக் கேட்டான், உதவிக்கு வந்த மெர்வ்.

“எடுக்க முடியாம நடந்தே போயிருப்பாங்க. பாவம், நம்மளை மாதிரி ஆளுங்க அப்ப கெடைக்கல.”

“தப்பிச்சாங்கன்னு சொல்லுங்க” என்று மெர்வ் லாரியைச் சுற்றி வந்தான். இரு பக்கமும் மணல் வரப்புக் கட்டியதுபோல் ஒரே உயரத்தில் ஒதுங்கியிருந்தது.

“காத்து இவ்வளவு ஒழுங்காவா மணலைக் குவிக்கும்?”

“பாலைவனத்துக் காத்துடா. நம்ம ஊருக் காத்து மாதிரி பொறுப்பில்லாததா? பேசாம தோண்டு.”

பின்சக்கரங்களுக்கு அடியில் மணலைப் பறித்து, துளையிட்ட இரும்புத் தகடுகளைச் சரிவாகச் செருகினார்கள். முன்சக்கரங்களுக்குத் தங்கள் வண்டியிலிருந்த கித்தான் பாயை விரித்தார்கள். தகடு தோசைக்கல்லாகச் சுட்டது. ஹாப்டே சட்டையைக் கழற்றிக் கைக்குச் சுற்றிக்கொண்டான். மெர்வ் லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

“மெதுவா கெளப்பு. சக்கரம் வெட்டியா சுத்துச்சுன்னா இன்னும் உள்ள போயிரும். சேத்துல சிக்குன செம்மறியாட்டைக் கெளப்புற மாதிரி, பதமா!”

“எங்க பண்ணையில வாலைப் பிடிச்சுத் தூக்குவோம்.”

“இதுக்கு வாலு இல்லடா!”

முதல் தடவை தகடு வழுக்கித் தெறித்து, ஹாப்டேவின் தொப்பியைக் கொண்டுபோனது. அடுத்த தடவை ஹாப்டேவே மணலில் முகம் புதைய விழுந்தான். அதற்கும் அடுத்த தடவை லாரி உறுமிக்கொண்டு தகட்டின்மேல் ஏறியது.

“நிறுத்தாதே! நின்னா போச்சு!”

மெர்வ் நிறுத்தவில்லை. ஹாப்டே தகடுகளைத் தூக்கிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகப் பின்னாலேயே ஓடினான். லாரி கெட்டித் தரையில் போய் நின்றது.

“வெங்காயம் பிழைச்சுது!” என்று ஹாப்டே கத்தினான்.

இயந்திரச் சத்தத்தில் அந்தக் கித்தான் அசைந்தது. அதன் அடியிலிருந்து ஏழெட்டு வீரர்கள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார்கள். எல்லார் உள்ளங்கையிலும் துணிக்கட்டு.

“பாத்தியா மெர்வ், நன்றி சொல்ல ஓடி வர்றாங்க!” ஹாப்டே நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினான்.

முதலில் வந்தவன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. காலியாகக் கிடந்த குழியையே பார்த்தான்.

“விமானம் வந்தா குண்டு படாம இருக்கட்டும்னு, ராத்திரி பூரா நாங்க குழி வெட்டி இறக்கி வச்ச வண்டிடா அது!”