பத்தாயிரத்து மூன்று பச்சை

அவசர உதவிச் செயலியில் தமிழ் ஒழுங்காக ஏறுகிறதா என்று சோதிப்பதுதான் மூன்று வருடங்களாகச் செண்பகவல்லியின் வேலை. அவள் கையால் அடிப்பதில்லை. அவள் எழுதிய நிரல் நாளொன்றுக்குப் பத்தாயிரம் முறை, "மூச்சுத் திணறுது, வண்டி அனுப்புங்க" என்று தமிழில் அடிக்கும். எழுத்து உடையாமல் விழுந்தால் திரையில் ஒரு பச்சை விளக்கு. மேலாளர் மகுடபதி அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

செவ்வாய்க்கிழமை மதியம், சோற்றில் கை வைத்த அவள் கணவன் அப்படியே சரிந்தான். அவசர உதவிக்குப் பேசி அழைக்கும் எண்ணை எப்போதோ எடுத்துவிட்டார்கள். செயலியில் அடித்தாள்: "வீட்டுக்காரருக்குப் பேச்சு வரலீங்க, சீக்கிரம் வாங்க."

ஓர் எழுத்துகூட உடையவில்லை. உடனே பதில் வந்தது: "சோதனை வெற்றி. தமிழ் சரியாக வேலை செய்கிறது."

மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் வெற்றி. கடைசியில் பக்கத்து வீட்டுத் தக்காளி டெம்போவில்தான் அவனை ஏற்றிப்போனார்கள். உயிர் தங்கியது. வலது கை விளங்காமல் போய்விட்டது.

மறுநாள் மகுடபதி சொன்னார்: "தமிழ்ல வந்தா அது நம்ம சோதனைதான்னு செயலி கத்துக்கிச்சுங்க அம்மணி. நெசமா ஆபத்துன்னா யாரு தமிழ்ல அடிக்கறாங்க? நீங்க இங்கிலீஷ்ல அடிச்சிருக்கலாமில்ல?"

"அப்புறம் எதுக்குங்க சார் இத்தன வருசமா சோதிக்கறோம்?"

"தமிழ் இருக்குதுன்னு காட்டோணுமில்லீங்க!"

பெருமையாக நேற்றைய அறிக்கையை அவள் பக்கம் திருப்பினார். பத்தாயிரத்து மூன்று பச்சை விளக்குகள்.