நூத்துக்கு நூறு ஒப்புதல்

“பொண்ணைப் பெத்தா மட்டும் போதுமாம்மா? கையில போனைக் குடுத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவியா?”

தாளாளர் வெங்கடாசலம் மேசையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அங்கம்மாள் குனிந்து எடுத்து வைத்தாள்.

வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பேனாவை அம்மா எதற்கு எடுக்க வேண்டும்?

“தெரியாமப் பண்ணிட்டாளுங்க சாமி. இந்த ஒருவாட்டி மன்னிச்சு உட்ருங்க.”

கோழிப்பண்ணையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புதுச்சத்திரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் அங்கம்மாள். இன்னும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

“மன்னிக்கறதா? பப்ளிக் பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்குது. இன்னைக்கு நான் டி.சி. கிழிச்சுக் குடுத்தா, இவ எங்க போயி எழுதுவா?”

பன்னிரண்டாம் வகுப்பில் பாதியில் வெளியே போனால் எவனும் சேர்க்க மாட்டான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

“யாருகிட்டப் பேசறதுக்குடி போனைக் கொண்டாந்தே?”

“யாருகிட்டயும் இல்லீங்க சார். கெமிஸ்ட்ரி நோட்ஸை வாட்ஸப் குரூப்லதான் போடறாங்க. போன் பகலெல்லாம் அம்மாகூடப் பண்ணைக்குப் போயிரும். அதான் நேத்து கேக்காம எடுத்தாந்துட்டேன். சோத்து நேரத்துல உக்காந்து எழுதிட்டிருந்தேன்.”

“கதை உடறா பாருங்க மிஸ்!”

சுவரோரம் நின்ற வகுப்பாசிரியை ஜெயப்பிரியா நிமிரவில்லை. நேற்று போனைப் பிடுங்கியது அவர்தான். பிடுங்கியதோடு விட்டாரா? மொத்த வகுப்பும் பார்க்க, உள்ளே இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அம்மா ஈரத்தலையோடு நிற்கிற படத்தைப் பார்த்துக் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“போனுக்கு லாக்கே இல்லீங்க சார். பாத்தேன். நோட்ஸ்தான் இருந்துச்சு,” என்றார் ஜெயப்பிரியா.

“மத்ததை அழிச்சிருப்பா.”

அவ்வளவுதான். விசாரணை முடிந்துவிட்டது.

தாளாளர் மேசையில் இருந்த டேப்லெட்டை அங்கம்மாள் பக்கம் திருப்பினார்.

“இதைப் பாரும்மா. ‘பொறுப்பான தொழில்நுட்பப் பயன்பாடு.’ மொத்தம் பன்னெண்டு விதி. ஆயிரத்து நூறு பெத்தவங்களும் அவங்கவங்க போன்லயே ஒப்புதல் குடுத்தாச்சு. நூத்துக்கு நூறு! கேட்டுல பேனர் பாத்தீல்ல? எல்லாத்துக்கும் சரீன்னு சொல்லிப்போட்டு, இப்ப வந்து மன்னிப்புங்கறே?”

“நான் எதுக்கும் சரீங்கலீங்களே சாமி…”

“பொய்யி! மகதான் பொய் பேசறான்னா தாயுமா?” விரலால் திரையைக் குத்தினார். “‘அங்கம்மாள், பன்னிரண்டு சி பிரிவு. விதிகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்.’ இன்னைக்குக் காலைல எட்டு மணி பத்து நிமிஷம். உன்ற நம்பருக்கு ஓ.டி.பி. வந்து, அதைய நீ போட்டாத்தான் இதுல ஏறும்.”

“சார், அதை அப்புறமாப் பாத்துக்கலாங்க சார்,” என்றார் ஜெயப்பிரியா அவசரமாக.

“இருங்க மிஸ். பெத்தவ போனாவே இருக்கட்டும், கேக்காம எடுத்து நோண்டறது திருட்டு. அது இவளுக்கு ஒறைக்கோணும். அம்மா குடுத்த வாக்கை மக காப்பாத்தலைன்னா நான் எதுக்கு இவளை வெச்சுக்கோணும்? சொல்லும்மா. நீ அமுக்குனியா, இல்லையா?”

அங்கம்மாள் மகளைப் பார்த்தாள். தாளாளரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அமுக்கியிருப்பனாட்ட இருக்குதுங்க சாமி. நாந்தான் மறந்துட்டேன். தப்புத்தானுங்க. டி.சி. மட்டும் வேண்டாமுங்க.”

வெண்ணிலா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நீ ஏம்மா ஒத்துக்கறே?” என்று கத்தினாள். “சார், நேத்து மத்தியானம் புடுங்கினதுல இருந்து அந்தப் போனு மிஸ்ஸோட பீரோவுலதானுங்க பூட்டிக் கெடக்குது!”