மிச்சப் பெயர்

பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் அப்பாதான் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். பரிதி குனிந்து, "நறு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

இரண்டெழுத்து தட்டினாலே மிச்ச நிரலையெல்லாம் தானே எழுதிவிடும் மென்பொருளில் அவனுக்குப் பத்து வருட வேலை. அவனைப் போலவே நிரல் எழுதும் மனைவி மாதங்கியோ, ஒவ்வொரு எழுத்தையும் நாமே தட்ட வேண்டிய பழைய எடிட்டரை இன்னும் விடாதவள்.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க? மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள் அவள்.

"இரு, வரும்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாதங்கி சிரிக்கவில்லை. அவளே குனிந்து, "நறுமுகை, நறுமுகை, நறுமுகை" என்று சொல்லி முடித்தாள்.

பரிதியின் முகம் தெளிந்தது. திரை தானே நிரப்பிக் காட்டிய மிச்சத்தை ஏற்றுக்கொள்ள அலுவலகத்தில் விசையை அழுத்துவதுபோல, மகளின் கன்னத்தைச் சுண்டுவிரலால் ஒருமுறை தட்டினான்.