கேப்டன் கேட்ட கேள்வி

சிலி நாட்டு வல்பராய்சோ கடற்படை அலுவலகத்தில், 2050-இல் கடலில் இறங்கப்போகும் போர்க்கப்பலின் திட்டத்தைக் கையெழுத்திடாமல் நெஸ்டரிடமே திருப்பிக் கொடுத்தாள் அவனுடைய அதிகாரி ஹிமெனா.

"நேத்து கேப்டன் ஒரு கேள்வி கேட்டாங்க. இதுல பதில் இல்லையே!"

"என்ன கேள்வி மேடம்?"

"நடுக்கடல்ல டீசல் தீர்ந்துட்டா, பெரு நாட்டுக் கப்பலோட குழாய் நம்ம கப்பல்ல மாட்டுமான்னு."

"பெருக்காரங்ககிட்டயா? கால்பந்துலயே நமக்கும் அவங்களுக்கும் ஆகாதே!"

"பல நாட்டுக் கூட்டுப்படையில போனா பக்கத்துல அவங்கதானே நிப்பாங்க?"

நெஸ்டர் பக்கங்களைப் புரட்டினான். மூன்று வருடமாக யாருக்குமே இது தோன்றவில்லை.

"அந்தக் கேப்டனை நான் பார்க்கணும் மேடம்."

"நாலு மணிக்கு மேல வீட்டுக்கு வாங்க. மூணாங்கிளாஸ் அப்பதான் விடும். இந்தக் கப்பலை என் பொண்ணுதான் ஓட்டப்போறாளாம்."

நெஸ்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வியை எழுதினான்.

"யார் கேட்டதுன்னு போடறது மேடம்?"

"கேப்டன்னே போடுங்க."