ருசி பார்க்க ஓர் ஆள்

"ஈஸ்டருக்கு சேக்காட்டுலேர்ந்து அறுபது சாக்லேட் முட்டைக்கு ஆர்டர் வந்துகீது, சுரேகா. எனக்குத் தவக்காலம், இனிப்பைத் தொடக்கூடாது. நீதான் ருசி பாத்து சொல்லணும்."

பக்கத்து வீட்டு வாசலில் நின்று ரோஸி தட்டை நீட்டினாள். அதில் மூன்று முட்டைகள்.

சுரேகா தயங்கித் தயங்கி ஒன்றைக் கடித்தாள். "ரொம்பத் தித்திப்புக்கா."

"அடுத்தது?"

"லேசா கசக்குது."

மூன்றாவதில் முந்திரி இருந்தது. அதை முழுசாகத் தின்றுவிட்டு யோசித்தாள். "இதுதாங்க்கா நல்லா இருக்கு. முந்திரியை மட்டும் இன்னும் கொஞ்சம் வறுக்கணும்."

"சரி, நாளைக்கு வறுத்துப் போட்டு எடுத்துகினு வரேன்."

ரோஸி வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் ரூபஸ் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன். இன்னா ஆர்டர்? யாரு குடுத்தா? காலையிலகூட டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிச்சியே! தவக்காலத்துல இப்படியா பொய் சொல்லுவ?"

ரோஸி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவங்கம்மா போனதுலேர்ந்து அந்தப் பொண்ணு சரியாவே சாப்பிடல. சாப்பிடுன்னு சொன்னா வேணாங்கறா. ருசி பாத்து சொல்லுன்னா சாப்பிடறா. பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன். நீ போய் முந்திரி வாங்கினு வா."